தூரிகை போன வழியில் பிழைத்த காடுகள்

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் போல்ட்டன் என்று ஒரு பஞ்சாலை ஊர். அங்கே 1801-இல் தாமஸ் கோல் பிறந்தார். 1837-இல் தாமஸ் மோரன் பிறந்தார். கோல் இளவயதில் சீட்டித் துணிக்கு அச்சுக்கட்டை செதுக்கியவர். மோரன் கைத்தறி நெசவாளி வீட்டுப் பிள்ளை. மான்செஸ்டர் துணி நம் நெசவாளர்களை என்ன பாடு படுத்தியது என்பது நமக்குத் தெரியும். அந்தத் துணியை நெய்த விசைத்தறி தன் ஊர்க் கைத்தறிக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. பிழைப்புத் தேடி இரண்டு குடும்பங்களும் வெவ்வேறு காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறின, கோல் 1818-இல், மோரன் 1844-இல். ஆலைப்புகையில் பிறந்த இந்த இருவரும்தான் காட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள்.

அன்றைய அமெரிக்காவில் காடு என்றால் வெட்டித் தீர்க்க வேண்டிய ஒன்று. மரம் விழுந்தால் வயல், வயல் வந்தால் ஊர், ஊர் வந்தால் முன்னேற்றம். 1825 இலையுதிர் காலத்தில் கோல் ஹட்சன் ஆற்றுவழியே மேலேறிக் கேட்ஸ்கில் மலைகளுக்குப் போனார். திரும்பி வந்து அவர் வரைந்த மூன்று படங்கள் நியூயார்க்கில் ஒரு கடையின் முகப்பில் வைக்கப்பட்டன. மூன்றையும் மூன்று ஓவியர்களே வாங்கிக்கொண்டார்கள். பிற்காலத்தில் ‘ஹட்சன் ஆற்றுப் பள்ளி’ என்று பெயர் பெற்ற ஓவிய மரபு அந்தப் பயணத்திலிருந்துதான் கிளைத்தது.

கேட்ஸ்கிலில் அப்போது தோல் பதனிடும் தொழில் கொடிகட்டிப் பறந்தது. ஹெம்லாக் மரத்தின் பட்டையை மட்டும் உரித்துக்கொண்டு, பெரும்பாலான அடிமரங்களைக் காட்டிலேயே அழுகவிட்டார்கள். அடுத்து ரயில்பாதை வந்தது. கோல் தன் வீட்டருகே ஓடிய சிற்றாற்றை 1837 வாக்கில் ஒருமுறை வரைந்தார்: அடர்ந்த மரங்கள், பின்னால் மலைத்தொடர், ஆற்றங்கரையில் தாயும் குழந்தையும். 1843-இல் அதே இடத்தை மறுபடி வரைந்தார். கரையில் இருந்த மரங்கள் இல்லை, வெட்டுண்ட அடிக்கட்டைகள். கோடரியோடு ஒருவன் நிற்கிறான். தூரத்தில் ஒரு பாலத்தின் மேல் புகைவிட்டபடி சின்னஞ்சிறு ரயில். அன்றும் இன்றும் என்ற ஒப்பீட்டை ஆறே ஆண்டு இடைவெளியில் ஒரே கை வரைந்து வைத்திருக்கிறது. சூழலியல் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தில் செய்த காரியம் இது. 1836-இல் அமெரிக்க நிலக்காட்சி பற்றி அவர் எழுதிய கட்டுரையிலும் கோடரியைக் குறித்த துக்கம் இருக்கிறது.

கோல் 1848-இல் இறந்துவிட்டார். 1885-இல் நியூயார்க் மாநிலம் கேட்ஸ்கிலிலும் அடிரான்டாக் மலைகளிலும் தன் வசமிருந்த நிலத்தைக் காப்புக்காடாக அறிவித்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் கால்வாய்களுக்கும் நகரங்களுக்கும் வேண்டிய தண்ணீர் குறித்த கவலை இருந்தது, வரித் தகராறும் இருந்தது. அழகு மட்டும் சட்டம் போடவில்லை. ஆனாலும் அறுபது ஆண்டுகளாக மக்கள் அந்த மலைகளைப் படங்களில் பார்த்துப் பழகியிருந்தார்கள். எனவே அந்த மலைகள் போனால் என்ன போகிறது என்பதை யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 1894-இல் திருத்தப்பட்ட மாநில அரசியல் சாசனம் அந்த நிலம் என்றென்றைக்கும் காடாகவே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. இரண்டு மலைத்தொடர்களிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 29 லட்சம் ஏக்கர் இன்றும் அந்தப் பாதுகாப்பில் இருக்கிறது. பட்டை உரிக்கப்பட்டு மொட்டையான சரிவுகளில் மறுபடி காடு நிற்கிறது.

மோரனின் கதை இன்னும் நேரடியானது. அதில் ஒரு பயணத்துக்கும் ஒரு சட்டத்துக்கும் இடையே எட்டு மாதங்கள்கூட இல்லை.

அமெரிக்காவின் மேற்கு மலைப்பகுதியில் உள்ள யெல்லோஸ்டோன் பற்றி வெள்ளையர்களிடையே 1807 முதலே பேச்சு இருந்தது. கொதிக்கும் சேறு, வானளாவப் பீறிடும் வெந்நீர், கந்தகம் நாறும் பள்ளங்கள் என்று தோல் வணிகத்துக்காக மலையேறிய வேட்டைக்காரர்கள் சொன்னதைக் கேட்டு ஊரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். 1869-இல் மூன்று பேர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு எழுதிய கட்டுரையைக் கிழக்குக்கரைப் பத்திரிகைகள் நம்பகமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டன. 1870-இல் வாஷ்பர்ன் தலைமையில் இன்னொரு குழு போய் வந்தது. அதில் இருந்த லாங்ஃபோர்டின் கட்டுரையை ‘ஸ்கிரிப்னர்ஸ்’ மாத இதழ் ஏற்றுக்கொண்டு, படம் போடும் வேலையை மோரனிடம் கொடுத்தது. மோரன் அந்த இடத்தைக் கண்ணால் கண்டதில்லை. குழுவினர் கிறுக்கி வந்த கோட்டுப்படங்களை வைத்துக்கொண்டு, மேஜையில் உட்கார்ந்தபடியே கெய்சர் எனப்படும் வெந்நீர்ப் பீச்சுகளையும் அருவிகளையும் கற்பனையில் வரைந்து கொடுத்தார். அதன் பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கையில் காசு இல்லை. தன் ஓவியம் ஒன்றை ஈடாக வைத்து, ஸ்கிரிப்னர்ஸ் இதழிடம் 500 டாலரும், ஜே குக் என்ற வங்கியாளரிடம் 500 டாலரும் கடன் வாங்கினார். குக் அப்போது வடக்குப் பசிபிக் ரயில்பாதைக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்தவர். யெல்லோஸ்டோன் புகழ் பெற்றால் ரயிலுக்குப் பயணிகள் கிடைப்பார்கள் என்பது அவர் கணக்கு. இதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் முதல் தேசியப் பூங்காவுக்குப் போன ஓவியரின் வழிச்செலவில் பாதி ரயில்காரர் தந்தது.

நிலவியலாளர் ஹேடன் தலைமையில் அரசு அனுப்பிய ஆய்வுக்குழுவோடு 1871 கோடையில் மோரன் சேர்ந்துகொண்டார். வயது 34. மெலிந்த உடம்பு, அதற்குமுன் குதிரை ஏறியதே இல்லை. சேணத்தின் மேல் தலையணை போட்டு உட்கார்ந்து போனார் என்று உடன் பயணம் செய்த வில்லியம் ஹென்றி ஜாக்சன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஜாக்சன் 28 வயதுப் புகைப்படக்காரர், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர். இரண்டு பேரும் அந்தப் பயணம் முழுக்கச் சேர்ந்தே அலைந்தார்கள். எங்கே கேமராவை நிறுத்துவது என்பதில் மோரனின் கண் ஜாக்சனுக்கு உதவியது. மோரன் பிறகு பெரிய ஓவியங்களை வரைய உட்கார்ந்தபோது ஜாக்சனின் படங்கள் அவருக்கு உதவின.

அந்தக் காலத்தில் மலையில் ஒரு புகைப்படம் எடுப்பது எத்தனை பாடு என்பதை இன்று நினைத்துப் பார்ப்பது கடினம். ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். அதனால் இருட்டறையும் மருந்துப் புட்டிகளும் கண்ணாடிகளும் கோவேறு கழுதையின் முதுகில் கூடவே வந்தன. டவர் அருவியில் கீழிருந்து படம் எடுக்க ஜாக்சன் ஆசைப்பட்டார். இருட்டுப்பெட்டியைக் கீழே இறக்க வழியில்லை, சரிவு அப்படி. மேலே தகட்டைத் தயார் செய்து, அதன்மேல் ஈரத்தாளையும் ஈரத்துணியையும் போர்த்தி, சறுக்கிக்கொண்டே கீழே இறங்கிப் படம் எடுத்து, மறுபடி மூச்சிரைக்க மேலே ஏறிக் கழுவினார். நான்கைந்து முறை இறங்கி ஏறியதில் அந்த நாள் முடிந்துபோனது. மாமத் வெந்நீர் ஊற்றுகளில் மட்டும் அவருக்கு ஒரு சலுகை கிடைத்தது. ஊற்றின் சூடான நீரிலேயே தகடுகளைக் கழுவியதால் அவை சீக்கிரம் காய்ந்தன.

மோரன் சுமந்தது சிறு பெட்டி. பென்சில், நீர்வண்ணம், காகிதம். ஆனால் ஜாக்சனின் கேமராவால் முடியாத ஒன்றை அந்தச் சிறு பெட்டி செய்தது: நிறம். யெல்லோஸ்டோனின் கதையே நிறம்தான். பள்ளத்தாக்கின் சுவர்கள் மஞ்சளும் செம்மையும் வெண்மையுமாக இருக்கின்றன. எரிமலைப் பாறையை வெந்நீரும் நீராவியும் ஊறவைத்துச் சிதைத்ததில், அதிலுள்ள இரும்பு வெளிப்பட்டுக் காட்டும் வண்ணங்கள் அவை. ஊற்றுக்குட்டைகள் நடுவில் நீலமும் ஓரத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாக மின்னுகின்றன. கருப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி இதை எப்படி நம்பவைப்பது? மோரனின் சின்ன நீர்வண்ணப் படங்களில் பல, ஒரு பகுதி வரைந்தும் ஒரு பகுதி வெறும் கோடாக விட்டும், ஓரத்தில் நிறத்தின் பெயரை எழுதியும் இருக்கின்றன. அவசரத்தில் எடுத்த குறிப்புகள். எனக்கு அவருடைய பெரிய ஓவியங்களைவிட இவைதான் பிடிக்கும். கண்ட அதிர்ச்சி அவற்றில் இன்னும் ஆறாமல் இருக்கிறது.

குளிர்காலத்தில் எல்லோரும் ஊர் திரும்பினார்கள். 1871 டிசம்பர் 18-இல் யெல்லோஸ்டோனைப் பொதுப் பூங்காவாக ஒதுக்கும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. ஹேடன் தான் கொண்டுவந்த பாறை மாதிரிகளையும் ஜாக்சனின் புகைப்படங்களையும் மோரனின் நீர்வண்ணங்களையும் உறுப்பினர்களுக்குக் காட்டினார். அறுபது ஆண்டுகளாகக் கட்டுக்கதை என்று ஒதுக்கப்பட்ட ஒன்று மேஜை மேல் கிடந்தது. ஜனவரி 30-இல் மேலவையும் பிப்ரவரி 27-இல் கீழவையும் மசோதாவை நிறைவேற்றின. 1872 மார்ச் 1-இல் குடியரசுத் தலைவர் கிராண்ட் கையெழுத்திட்டார். இருபது லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் விற்பனையிலிருந்தும் குடியேற்றத்திலிருந்தும் விலக்கி வைக்கப்பட்டது. உலகில் தேசியப் பூங்கா என்ற ஏற்பாட்டின் தொடக்கம் அது.

படம் பார்த்ததும் மனம் உருகி நாடாளுமன்றம் சட்டம் போட்டது என்று எழுதுவது எளிது. அது முழு உண்மை ஆகாது. ரயில் நிறுவனம் பின்னால் நின்று தள்ளியது. நிலம் 6,000 அடிக்கு மேல் இருக்கிறது, பயிர் விளையாது, ஒதுக்கி வைப்பதால் யாருக்கும் நட்டமில்லை என்று ஹேடன் எழுதிக் கொடுத்தார். பூங்காவுக்கு அரசு ஒரு டாலரும் ஒதுக்க வேண்டியதில்லை என்றும் உறுதி சொல்லப்பட்டது. அதன் விளைவாக முதல் கண்காணிப்பாளரான லாங்ஃபோர்ட் ஐந்தாண்டுகள் சம்பளமில்லாமல் பதவியில் இருந்தார். என் கணிப்பு இதுதான்: ரயிலும் பயிரும் மறுப்பவர்களின் வாயை அடைத்தன, படங்கள்தான் ஆசைப்பட ஒரு காரணத்தைக் கொடுத்தன. காணாத நிலத்தின் மேல் யாருக்கும் ஆசை வராது.

அடுத்து மோரன் 7 அடி உயரமும் 12 அடி அகலமும் கொண்ட துணியில் யெல்லோஸ்டோன் பெரும் பள்ளத்தாக்கை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். 1872 ஜூனில் நாடாளுமன்றம் அதை 10,000 டாலருக்கு வாங்கித் தன் கட்டடத்திலேயே மாட்டியது. 308 அடி உயரமுள்ள கீழ் அருவி அந்த ஓவியத்தில் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாக விழுகிறது. ஒளியெல்லாம் மஞ்சள் சுவர்களின் மேல். முன்னால் இருண்ட பாறைகள், பைன் மரங்கள், கவனித்துப் பார்த்தால் மட்டும் தென்படும் மனிதர்கள். ஓவியத்தில் உள்ள ஒவ்வொன்றும் அங்கே இருப்பவைதான், ஆனால் அவற்றின் இட ஒழுங்கைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொண்டதாக மோரனே சொல்லியிருக்கிறார். நிலத்தை அப்படியே பெயர்த்து எழுதுவதில் அவருக்கு நாட்டமில்லை. அங்கே நின்றபோது நெஞ்சு பட்ட பாட்டைத்தான் அவர் வரைய விரும்பினார். இதில் பொய் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் எதைப் பெரிதாக்குவது, எதைச் சிறிதாக்குவது என்று ஓவியர் எடுத்த முடிவு, பிறகு ஒரு நாடே எதைக் காப்பது என்று எடுத்த முடிவாகவும் ஆகிவிட்டது.

அந்த ஓவியத்தின் முன்பகுதியில் ஹேடனுடைய சிறிய உருவத்தின் பக்கத்தில் பூர்வகுடி ஒருவரும் நிற்கிறார், விரல் நுனி அளவுக்கு. உண்மையில் அந்த நிலத்தில் மனிதர்கள் 11,000 ஆண்டுகளாக வாழ்ந்து வந்திருக்கிறார்கள். அப்சிடியன் பாறை முகட்டிலிருந்து வெட்டிய கருங்கண்ணாடிக் கல் ஈட்டிமுனைகளாகி, கைமாறிக் கைமாறி ஒஹாயோ வரை போயிருக்கிறது. ஷோஷோன் இனத்தின் டுக்குடிக்கா மக்கள் மலை ஆடுகளை வேட்டையாடி அங்கேயே குடியிருந்தவர்கள். ஆட்டுக் கொம்பை வெந்நீர் ஊற்றில் ஊறவைத்து இளக்கி வில் செய்த கைவினைஞர்கள் அவர்கள். பூங்கா வந்த பத்தாண்டுக்குள் அவர்கள் வெளியேற்றப்பட்டு ஒதுக்கிடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பூர்வகுடிகள் கெய்சரைக் கண்டு அஞ்சி அந்தப் பக்கமே வரமாட்டார்கள் என்ற கதையும் பரப்பப்பட்டது. ஆளே இல்லாத நிலம் என்றால்தானே சுற்றுலாப் பயணி பயமின்றி வருவார்!

இத்தனைக்கும், தேசியப் பூங்கா என்ற எண்ணத்தை முதலில் எழுதி வைத்தவரும் ஓர் ஓவியர்தான். வழக்கறிஞர் தொழிலை விட்டுத் தூரிகை பிடித்த ஜார்ஜ் கேட்லின் 1832-இல் நீராவிப் படகில் மிசௌரி ஆற்றுவழியே போய்ப் பூர்வகுடிகளின் முகங்களை வரைந்தார். பைசன் கூட்டம் தோலுக்காக அழிக்கப்படுவதைப் பார்த்துவிட்டு, மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழும் ஒரு தேசத்தின் பூங்காவை அரசு ஏற்படுத்த வேண்டும் என்று எழுதினார். பூர்வகுடிகளை அவர் காட்சிப்பொருள்போல எண்ணியது உண்மை. அந்தக் குறையை இன்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அவர் கேட்ட பூங்காவில் அவர்களுக்கு இடம் இருந்தது. நாற்பதாண்டு கழித்து வந்த பூங்காவில் அதுகூட இல்லை.

கலிஃபோர்னியாவின் யோசமிட்டிப் பள்ளத்தாக்கிலும் இதே கதைதான், இன்னும் முன்னதாக. 1861-இல் புகைப்படக்காரர் கார்லெடன் வாட்கின்ஸ் 18 அங்குலத்துக்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகளைக் கழுதைகளில் ஏற்றிப் போய் எடுத்த படங்கள் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தன. அதன் பிறகு ஓவியர் ஆல்பர்ட் பியர்ஸ்டாட் 1863-இல் அங்கே போனார். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1864 ஜூன் 30-இல், அந்தப் பள்ளத்தாக்கை ஒருநாளும் நேரில் பார்த்திராத லிங்கன், அதைப் பொதுமக்களுக்காகக் காக்கும் பொறுப்பைக் கலிஃபோர்னியாவிடம் ஒப்படைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அங்கே குடியிருந்த அவானிச்சி மக்களை ஆயுதப்படை 1851-லேயே துரத்தியிருந்தது.

படத்தால் காக்க முடியாத இடங்களும் உண்டு. யோசமிட்டிக்கு வடக்கே ஹெட்ச் ஹெட்சி என்று அதே சாயலில் இன்னொரு பள்ளத்தாக்கு. 1870-களில் பியர்ஸ்டாட் அதையும் வரைந்தார். 1890-இல் அது தேசியப் பூங்காவுக்குள்ளேயே வந்தது. 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் தண்ணீருக்காக அந்த இடத்தைக் கேட்டது. 1913-இல் நாடாளுமன்றம் அணைக்கு அனுமதி கொடுத்தது. எதிர்த்துப் போராடிய இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் மறு ஆண்டே இறந்தார். 1923-இல் அணை எழுந்தது. இன்றும் அந்த நீர்தான் நகரத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் குழாயில் வருகிறது. பியர்ஸ்டாட் வரைந்த புல்வெளி நீருக்கடியில் கிடக்கிறது. யோசமிட்டியை ஆயிரக்கணக்கானோர் பார்த்திருந்தார்கள், ஹெட்ச் ஹெட்சியைப் பார்த்தவர்கள் சொற்பம். அந்த வேறுபாடு போதுமானதாக இருந்தது.

நயாகரா அருவியின் நிலை இன்னும் விசித்திரம். ஃபிரெடரிக் சர்ச் 1857-இல் வரைந்த நயாகரா ஓவியத்தைப் பார்க்க நியூயார்க்கில் கூட்டம் முண்டியடித்தது. கரையெங்கும் ஆலைகளும் கட்டணக் கொட்டகைகளும் மறைத்திருந்த அருவியை மீட்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசியவர்களில் சர்ச்சும் ஒருவர். 1885-இல் நியூயார்க் மாநிலம் கரையை வாங்கி, கட்டடங்களை இடித்து, காப்பகமாக்கியது. கரை மீண்டது, ஆறு மீளவில்லை. 1950-இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, சுற்றுலாக் காலத்தில் பகல்வேளையில் நொடிக்கு 1,00,000 கன அடி நீர் அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி போதும். மீதி மின்நிலையத்துக்குப் போகிறது. ஆற்றின் இயல்பான ஓட்டம் ஏறத்தாழ 2,00,000 கன அடி. சர்ச் பார்த்த அருவியை இன்று யாரும் பார்ப்பதில்லை. பார்வையாளரின் கண்ணுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு அவ்வளவு நீர் விடப்படுகிறது.

இனி இன்றைய யெல்லோஸ்டோன். பூங்காவான முதல் ஆண்டில் அங்கே போனவர்கள் ஏறக்குறைய 300 பேர். 2021-இல் 48 லட்சத்துக்கும் அதிகம். அந்த ஜூலையில் மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டியது. பள்ளத்தாக்கின் தென்விளிம்பில் ‘ஓவியர் முனை’ என்று ஓர் இடம். பெரிய வாகன நிறுத்தம், கல்பாவிய மேடை, தடுப்புச்சுவர். மோரன் இங்கே நின்றுதான் வரைந்தார் என்று நம்பிப் புகைப்படக்காரர் ஹேய்ன்ஸ் 1883 வாக்கில் வைத்த பெயர் அது. மோரன் தன் கோட்டுப்படங்களைப் போட்டது உண்மையில் எதிரே வடவிளிம்பில். ஆனாலும் வருகிறவர்கள் வந்து நிற்பதும் படமெடுப்பதும் இங்கேதான், 1872 ஓவியத்தில் கண்ட அதே கோணத்தைத் தேடி.

அருவி மாறவில்லை. சுவர்களின் நிறம் மாறவில்லை. மாறியவை சின்ன இடங்களில் இருக்கின்றன. மார்னிங் குளோரி என்ற வெந்நீர்க் குட்டை, அந்தப் பெயருள்ள பூவைப் போல முன்பு முழு நீலமாக இருந்தது. பல தலைமுறைப் பயணிகள் அதில் காசும் கல்லும் குப்பையும் எறிந்து ஊற்றுக்கண்ணை அடைத்தார்கள். சூடு குறைந்தது. ஓரத்து மிதவெப்பத்தில் வாழ்ந்த நுண்ணுயிரிகள் உள்நோக்கி நகர்ந்தன. இன்று அது பச்சையும் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தெரிகிறது. பார்க்கிறவர்கள் அழகு என்றுதான் சொல்கிறார்கள். அது அடைபட்ட தொண்டையின் நிறம்.

மோரன் தீட்டிய குட்டையோர மஞ்சளும் ஆரஞ்சும் உயிர்கள் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. 1966-இல் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர் யெல்லோஸ்டோன் ஊற்றுகளில் ‘தெர்மஸ் அக்வாடிகஸ்’ என்ற பாக்டீரியாவைக் கண்டெடுத்தார். கொதிநிலைக்கு நெருங்கிய சூட்டிலும் சிதையாத அதன் நொதியை வைத்துத்தான் பின்னாளில் மரபணுவைப் பெருக்கும் பிசிஆர் முறை உலகெங்கும் பரவியது. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியைச் சோதித்ததும் அந்த முறையில்தான். 1872-இல் அந்த ஊற்றுகளைச் சுற்றிக் குளியல் விடுதி கட்ட விட்டிருந்தால் இந்த உயிர் தப்பியிருக்குமா? எந்த ஓவியரும் இதற்காக வரையவில்லை, எந்த உறுப்பினரும் இதற்காக வாக்களிக்கவில்லை. அழகுக்காகக் காத்ததில் அறியாததும் பிழைத்தது.

ஆனால் அழகுக்காகக் காத்ததால் பிழைக்காதவையும் இருந்தன. பூங்காவின் எல்லை கெய்சர்களையும் அருவிகளையும் ஏரியையும் உள்ளடக்கி ஏறக்குறைய ஒரு பெட்டியாகப் போடப்பட்டது. குளிர்காலத்தில் மான்களும் பைசன்களும் எந்தத் தாழ்நிலத்துக்கு இறங்கும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பைசனைச் சட்டம் காக்கவில்லை. 1894 மார்ச்சில் எட்கர் ஹோவெல் என்ற கள்ள வேட்டைக்காரன் பூங்காவுக்குள் பைசன்களைக் கொன்று பிடிபட்டபோது அவனைத் தண்டிக்கச் சட்டமே இல்லை. பூங்காவில் அப்போது இருந்த ஹேய்ன்ஸின் படங்களோடு ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ இதழ் செய்தி வெளியிட்டது. மே மாதமே அப்படிப்பட்டவர்களைத் தண்டிக்கும் லேசி சட்டம் வந்துவிட்டது. இந்த முறை சட்டத்தைக் கொண்டுவந்தது அழகின் படம் இல்லை, வெட்டுண்ட தலைகளின் படம். அப்படியும் 1902-இல் எஞ்சியவை இரண்டு டஜன் அளவே. இன்று ஏறத்தாழ 5,000. ஓநாய்களைப் பூங்கா ஊழியர்களே கொன்று 1926-க்குள் ஒழித்தார்கள். 1995, 96 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது.

மலையும் அருவியும் இல்லாத இடத்துக்கு அந்த ஓவிய மரபில் பெரிதாக இடமில்லை. சதுப்பு நிலத்தை யார் 12 அடித் துணியில் வரைவார்கள்? ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் 1947-இல் தேசியப் பூங்காவாகத் திறக்கப்பட்டபோதுதான், கண்கவர் காட்சிக்காக இல்லாமல் உயிரினங்களுக்காகவே ஒரு பெரிய பூங்கா முதன்முறையாக அமெரிக்காவில் அமைந்தது. யெல்லோஸ்டோனுக்கும் அதற்கும் இடையே 75 ஆண்டுகள். பார்த்து மயங்கிக் காத்ததற்கு நாம் கொடுத்த விலை இந்த 75 ஆண்டுகள் என்பேன்.

அதற்காக அந்த ஓவியர்களின் பார்வையைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. சர்ச் ஹட்சன் கரையில் ஓலானா என்று மலைமேல் வீடு கட்டி, ஒவ்வொரு சாளரத்தையும் ஒரு நிலக்காட்சிக்காகத் திறந்து வைத்தார். 1970-களில் அதன் எதிரே செமன்டன் என்ற இடத்தில் அணுமின் நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். ராட்சதக் குளிர்விப்புக் கோபுரம் அந்தக் காட்சியைக் கெடுக்கும் என்ற வாதம் எழுந்தது. 1979-இல் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் அதிகாரிகளே காட்சி பாழாகும் என்ற காரணத்தைச் சொல்லி அனுமதி மறுக்கப் பரிந்துரைத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. நூறாண்டுக்கு முன் ஓர் ஓவியர் இங்கிருந்து பார்த்தார், பார்த்ததை வரைந்து வைத்திருக்கிறார் என்பது சாட்சியமாக எடுபட்டது.

யெல்லோஸ்டோனில் இப்போது நடந்துகொண்டிருப்பது படத்துக்கு வெளியே விடப்பட்டவர்களைத் திரும்ப அழைக்கும் வேலை. அந்த நிலத்தோடு உறவுள்ளவையாக 27 பூர்வகுடி இனங்களைப் பூங்கா ஏற்றிருக்கிறது. 1870 வாஷ்பர்ன் குழுவுக்குக் காவலாக வந்த படை அதிகாரி டோன், அதே ஆண்டு ஜனவரியில் மரியாஸ் ஆற்றங்கரையில் 173 பீகன் மக்களை, அவர்களில் பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும், கொன்ற தாக்குதலில் முன்நின்றவர். அவர் பெயரை ஒரு சிகரம் நூறாண்டுக்கு மேல் சுமந்தது. 2022 ஜூனில் அதற்கு ‘முதல் மக்கள் மலை’ என்று பெயர் மாற்றினார்கள். 2019 முதல் யெல்லோஸ்டோன் பைசன்கள் நோய்ச் சோதனை முடிந்து மொன்டானாவின் ஃபோர்ட் பெக் ஒதுக்கிடத்துக்கு அனுப்பப்படுகின்றன. அசினிபோய்ன், சூ மக்கள் அவற்றைப் பெற்றுக்கொள்கிறார்கள். அங்கிருந்து வேறு பல இனங்களின் நிலங்களுக்கும் அந்தக் கூட்டங்கள் பிரிந்து போய்க்கொண்டிருக்கின்றன.